எரியும் விளக்கும் எரியாத விளக்கும்

மயிலாப்பூர் லஸ் முனையிலோ, தியாகராய நகர் பனகல் பூங்கா அருகிலோ சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டிகள் நின்றுவிடுகின்றன. அதன் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காருக்குள்ளும் இப்படிச் சிறு விளக்குகள் உண்டு. ஓட்டுநருக்கு எதிரே, வேகமானியைச் சுற்றி அவை இருக்கின்றன. அவற்றின் மொழியையும் கற்போமா?

முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு எரிந்தால், ‘உடனே கவனி, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்து’ என்று பொருள். மஞ்சள் எரிந்தால், ‘விரைவில் பழுது பார்’ என்று பொருள். பச்சையும் நீலமும் பெரும்பாலும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்று தெரிவிப்பவை. விளக்குகளின் மேல் எழுத்துக்குப் பதிலாகப் படங்களே இருக்கும். இப்படங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 2575 என்ற பன்னாட்டுத் தரம் உள்ளது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவாகிக் கப்பலேறும் காரை எந்த மொழி பேசுபவரும் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

சாவியைத் திருப்பியவுடன், என்ஜின் ஓடுவதற்கு முன், எச்சரிக்கை விளக்குகளில் பல ஒரே நேரத்தில் எரியும். பயப்பட வேண்டாம், இது விளக்குகளுக்கான தேர்வு. தேர்வில் எரியாத விளக்கு, ஆபத்து வரும்போதும் எரியாது. ஆகவே, எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கும் ஓர் எச்சரிக்கையே.

ஆயில் விளக்கு

சிறு எண்ணெய்க் குவளை போன்ற சிவப்புப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆயில் குறைந்தவுடன் இது எரியும் என்று பலர் நினைக்கின்றனர். இது காட்டுவது ஆயிலின் அளவை அன்று, அழுத்தத்தை.

என்ஜின் ஓடும்போது, பம்பு ஒன்று ஆயிலை அழுத்தத்துடன் எல்லாப் பாகங்களுக்கும் அனுப்புகிறது. சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் நிற்கிறது. ஆயில் செல்லும் வழியில் ஒரு சுவிட்சு உண்டு. அழுத்தம் இருந்தால், ஆயில் அதனுள் இருக்கும் மெல்லிய தகட்டைத் தள்ளி மின்னிணைப்பைத் துண்டிக்கும், விளக்கு அணையும். அழுத்தம் இல்லையேல் சுருள்வில் தகட்டைத் திரும்பத் தள்ளும், விளக்கு எரியும்.

அழுத்தம் போனால் உலோகம் உலோகத்தோடு உரசும். சிறிது நேரத்திலேயே என்ஜின் பாழாகிவிடலாம். ஆகையால் ஓடும் வண்டியில் இவ்விளக்கு எரிந்தால், ‘அடையாறு வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எண்ணக் கூடாது. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்க வேண்டும். அளவை அறிய விளக்கு உதவாது; அதற்கு என்ஜினில் செருகியுள்ள அளவுக்குச்சியையே அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும்.

பாட்டரி விளக்கு

சென்னைக்கு அருகே வண்டலூரில் 1961-இல் தயாரிக்கத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார்களில் இவ்விளக்கு மிக எளிய முறையில் வேலை செய்தது. விளக்கின் ஒரு முனை பாட்டரியோடும், மறுமுனை மின்சாரம் உண்டாக்கும் டைனமோவோடும் இணைந்திருந்தது. டைனமோ நன்கு சுழலும்போது இரு முனைகளிலும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. மின்னழுத்த வேறுபாடு இல்லையேல் மின்னோட்டம் ஏது? விளக்கு எரியாது. டைனமோ ஓய்ந்தால், பாட்டரியிலிருந்து விளக்கின் வழியே மின்னோட்டம் பாயும், விளக்கு எரியும். இக்காலக் கார்களில் மின்னணுக் கருவி இவ்வேலையைக் கவனிக்கிறது. செய்தி மாறவில்லை: பாட்டரிக்கு மின்னேற்றம் இல்லை.

வெப்ப விளக்கு

மே மாத வெயிலில், நெரிசலான உஸ்மான் சாலையில் கார் ஊர்ந்து செல்கிறது. ரேடியேட்டருக்குள் காற்று தானாகப் புகாது. மின்விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். விசிறி பழுதானால் வெப்பநிலை ஏறிச் சிவப்பு வெப்பமானிப் படம் எரியும். உடனே ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பேராபத்து. பிரஷர் குக்கரில் போலவே அழுத்தம் மிகுந்த நீர் 100 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் குறைந்து, நீர் சட்டென்று கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துவிடும். என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

மஞ்சள் என்ஜின் விளக்கு

என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தால், விரைவில் பணிமனைக்குச் செல்ல வேண்டும். விட்டு விட்டு எரிந்தால் நிலைமை மோசம்: என்ஜினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் புகையைத் தூய்மை செய்யும் கருவிக்குள் சென்று எரிந்து அதைச் சுட்டுக் கெடுத்துவிடும்; வெளிவரும் காற்றும் மாசுபடும். வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்துவதே நல்லது.

செய்து பாருங்கள்

ஒரே வகையான இரண்டு புதிய டார்ச் பாட்டரிகள், ஒரு டார்ச் பல்பு, கம்பிகள் எடுத்துக்கொள்ளுங்கள். இரு பாட்டரிகளின் எதிர்முனைகளைக் கம்பியால் இணையுங்கள். நேர்முனைகளுக்கு இடையே பல்பை இணையுங்கள். பல்பு எரியாது. இப்போது ஒரு பாட்டரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கம்பியால் இணையுங்கள். பல்பு எரியும். நீங்கள் எடுத்த பாட்டரி, காரில் எந்தப் பாகத்தைப் போன்றது?

அடுத்த முறை காரில் ஏறும்போது, ஓட்டுநர் சாவியைத் திருப்பியதும் எந்தெந்த விளக்குகள் எரிந்தன, என்ஜின் ஓடியபின் எவை அணைந்தன என்று பட்டியல் எழுதுங்கள். அணையாத விளக்கு இருந்தால், அதை உடனே ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.