பூட்டா, சாவியா?

அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். 'அவ்வீடு' என்று சொன்னால் வீடே வந்துவிடுவதில்லை. அது இருக்கும் இடம்தான் தெரிகிறது. கணிப்பொறி மொழிகளிலும் இத்தகைய சுட்டு உண்டு. அதைச் சரிவர அறியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அப்பா நாகல்நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். (திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் பட்டறைக்கு ஆர்டர்தான் கூடவில்லை.) கடைக்காரர்கள் தரவேண்டிய பாக்கியைப் பைதான் மொழியில் நிரல் எழுதி ஏற்றி வைத்தேன். ஒருநாள் சோதனைக்காக 'புதியது = பழையது' என எழுதி, 'புதியது' பட்டியலில் எல்லாப் பாக்கியையும் பூச்சியமாக்கிப் பார்த்தேன். பிறகு 'பழையது' பட்டியலைக் கோப்பில் சேமித்தேன். அதிலும் அத்தனையும் பூச்சியம்! பில் புத்தகத்தின் கார்பன் நகல்களைப் புரட்டி இருவரும் இரவெல்லாம் கணக்கைத் திரும்ப எழுதினோம். இரண்டு கடைகளின் பாக்கி மட்டும் அப்பாவின் ஞாபகத்தை நம்பி எழுதியதுதான்.

முதலாண்டில் சி++ படித்த பழக்கமே காரணம். அங்கே ஒரு வெக்டரை மற்றொன்றில் இட்டால் உறுப்புகள் அனைத்தும் நகலாகும். அது இரண்டாவது பூட்டு. பைதானிலோ அதே சமக்குறி, இருக்கும் பூட்டுக்கே இன்னொரு சாவியைத் தருகிறது. எந்தச் சாவியால் திறந்தாலும் திறப்பது ஒரே பூட்டுத்தான்.

1972-இல் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் சுட்டு என்பது நினைவக முகவரி. முகவரிச் சீட்டை அழித்து வேறு முகவரி எழுதலாம். ஒன்றைக் கூட்டினால் அடுத்த உறுப்புக்கு நகரும். இடித்த வீட்டின் முகவரியையும் வைத்திருக்கலாம், ஆபத்து அங்கேதான். சி++ இத்துடன் 'ரெஃபரன்ஸ்' என்பதையும் சேர்த்தது. அது பொருளுக்கு இட்ட மறுபெயர். பிறக்கும்போதே ஒன்றோடு பிணைய வேண்டும், பின்னர் மாறாது. 1995-இல் வெளிவந்த ஜாவாவிலும் ரெஃபரன்ஸ் என்றே பெயர். ஆயினும் அதை வேறு பொருளுக்கு மாற்றலாம், வெறுமையாகவும் விடலாம். முகவரிக் கணக்கு மட்டும் செய்ய இயலாது. சுட்டே இல்லாத மொழி என்பார்கள், பிழைச் செய்தியிலோ 'நல் பாயின்ட்டர்' என்று வந்து நிற்கும்! இந்த வெறுமைச் சுட்டை 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக வகுத்தவர் டோனி ஹோர். அது தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று 2009-இல் அவரே கூறினார்.

மறுநாள் 'காப்பி' என்ற கட்டளையைப் போட்டேன். மீண்டும் பூச்சியமே! நல்லவேளை, இம்முறை கோப்பைத் தொடவில்லை. ஒவ்வொரு கடைக்கும் பெயரும் தொகையும் கொண்ட சிறு பட்டியல் ஒன்று உள்ளே இருந்தது. அக்கட்டளை வெளிப்பட்டியலை மட்டுமே புதிதாக்கியது. உள்ளே இருந்தவை பழைய பட்டியல்களின் சாவிகள். 'டீப்காப்பி' போட்ட பிறகே பழைய கணக்கு பழையபடி நின்றது. நோட்டிலும் எழுதி வைக்கும் வழக்கத்தை அப்பா விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.