லிக்விட் பயாப்ஸி படிக்கலாமா?

புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கவுன்சலிங் தொடங்கிவிட்டால் என் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கும். இந்த முறை லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அப்பாவும் மகளும். “எம்.பி.பி.எஸ். கிடைக்கல சார். ரத்தத்துலயே கேன்சரைக் கண்டுபிடிக்கிறாங்களாமே, பாப்பாவ அதுல சேர்த்துடலாம்னு இருக்கேன்” என்று பத்திரிகைத் துண்டு ஒன்றை நீட்டினார். பாப்பா வாசலில் படுத்திருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி திறந்த ஊர் இது. டாக்டர், நர்ஸ் படிப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ரத்தச் சோதனைப் பக்கம் போக மிச்சமிருப்பவை மூன்று: எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், புள்ளியியல் அல்லது உயிர்த்தகவலியல், பயோடெக்னாலஜி வழியாக நோயைக் காட்டிக்கொடுக்கும் மார்க்கர்களின் ஆராய்ச்சி. முதல் இரண்டும் சோறு போடும். மூன்றாவதுதான் இப்போது மோஸ்தர்.

லிக்விட் பயாப்ஸி என்கிற விஷயம் இதுதான். கட்டியின் செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. பெருங்குடல் புற்றில் செப்டின்-9 போன்ற சில மரபணுக்களில் மெத்தில் ஒட்டியிருக்கும். பைசல்ஃபைட் போட்டால் மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசிலாகிவிடும். மெத்தில் ஒட்டியது மாறாது. பி.சி.ஆர். அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும். அழகான வேதியியல். பிள்ளைகள் மயங்குவது இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். செப்டின்-9ஐ நம்பி வந்த எபி புரோகோலன் என்ற ரத்தச் சோதனை 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏறத்தாழ 8,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், இருந்த புற்றுகளில் 48 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. புற்றுக்கு முந்தைய கட்டமான முற்றிய பாலிப்புகளில் 11. 2021-ல் அந்த நாட்டு அரசுக் காப்பீடு அதற்குப் பணம் தர மறுத்துவிட்டது. 2024-ல் அனுமதி பெற்ற ஷீல்டு என்ற ரத்தச் சோதனை புற்றில் 83 சதவீதம் பிடிக்கிறது, பாலிப்பில் 13தான். ரத்தம் ‘பாசிட்டிவ்’ என்றாலும் கொலோனோஸ்கோபிக்குத்தான் அனுப்புவார்கள். பாலிப்பை வெட்டியெடுக்கவும் அதுதான் வழி. ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று பார்ப்பதில் மட்டும் மெத்திலேஷனுக்கு நான் மரியாதை கொடுப்பேன். ஆஸ்திரேலியர்களின் பி.சி.ஏ.டி.1, ஐ.கே.இசட்.எஃப்.1 சோதனை, பழைய சி.இ.ஏ. ரத்தச் சோதனை தவறவிட்ட பலரைக் காட்டியது.

நான் ஆய்வகத்தில் தலை நரைத்தவன், எம்.எல்.டி. பக்கம்தான் சாய்வேன். ஒருமுறை, எந்த இடம் என்பது வேண்டாம், ஆராய்ச்சிக்கென்று எடுத்த ஊதா மூடிக் குழாய்கள் சனிக்கிழமை மதியம் சென்ட்ரிஃபியூஜில் ஏறாமல் ரேக்கிலேயே நின்றுவிட்டன. மதியமானால் கடை சாத்தும் ஊரல்லவா, நாங்களும் சாத்திவிட்டுப் போயிருந்தோம். திங்கட்கிழமை பார்த்தால், வெளிர்மஞ்சளாய் இருக்க வேண்டிய பிளாஸ்மா ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தது. சிவப்பணு உடைந்ததைக் கண் பார்த்துவிடும். வெள்ளையணுவும் உடைந்து தன் டி.என்.ஏ.வைக் கொட்டியிருப்பதை எந்தக் கண் பார்க்கும்? கட்டியிலிருந்து வந்த துளி அந்த வெள்ளத்தில் போனது. ஆராய்ச்சி மாணவருக்கு அது தெரிந்தபோது மூன்று மாதம் ஓடியிருந்தது. குழாயைச் சுழற்ற வேண்டிய நேரத்தில் சுழற்றும் கையை எந்தப் பத்திரிகையும் எழுதாது.

மார்க்கர் ஆராய்ச்சிக்கே போகக் கூடாதா என்றால், போகலாம். தோற்ற சோதனையை முகம் சுளிக்காமல் மறுபடி செய்யும் பிள்ளை, ஆறேழு வருஷம் கல்யாண வீடுகளில் “இன்னும் படிச்சுக்கிட்டா இருக்கே?” என்ற கேள்வியைச் சிரித்துக் கடக்கும் பிள்ளை தாராளமாகப் போகலாம். கை சுத்தம் இருந்தால் எம்.எல்.டி. எண்ணோடு விளையாடத் தெரிந்தால் புள்ளியியல். எந்த மார்க்கர் நிஜம், எது தற்செயல் என்று கடைசியில் சொல்வது புள்ளியியல்காரர்கள்தானே. அவசரம் வேண்டாம். ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் குடி முழுகாது.

“உனக்கு என்னம்மா பிடிக்கும்?”

“கணக்கு, அங்கிள்.” பூனையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பி.எஸ்சி. முடித்தால் காலாப்பட்டு பல்கலைக்கழகத்திலேயே எம்.எஸ்சி. புள்ளியியல் இருக்கிறது என்றேன். அப்பா பத்திரிகைத் துண்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இருந்தாலும் சார், பேப்பர்ல லிக்விட் பயாப்ஸின்னுதானே போட்டிருக்கான்?”