கறுப்பினக் கல்லூரிகளில் வினாடி வினா: ஒரு போட்டியின் பயனும் எல்லையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள் என்ற பெயரால் வழங்கும் உயர்கல்வி நிலையங்கள் சுமார் நூறு உள்ளன. 1964-ம் ஆண்டிற்கு முன் நிறுவப்பட்டு, கறுப்பின மக்களின் கல்வியையே முதன்மை நோக்கமாகக் கொண்டவை இப்பெயருக்கு உரியவை என்று 1965-ம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வரையறுத்தது. இவற்றுள் மூத்ததான பென்சில்வேனியாவின் செய்னி, 1837-ம் ஆண்டில் தோன்றியது. வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகம் 1867-ல், அடிமை முறை ஒழிந்த இரண்டே ஆண்டுகளில் உருவாயிற்று. வெள்ளையர் கல்லூரிகளின் கதவுகள் அடைபட்டிருந்த காலத்தில் ஆசிரியரையும் மருத்துவரையும் வழக்கறிஞரையும் ஒரு சமூகத்திற்கு ஆக்கித் தந்தவை இந்நிலையங்களே.

இக்கல்லூரிகளுக்கு இடையே 1989-ம் ஆண்டில் ஒரு வினாடி வினாப் போட்டி தொடங்கப்பெற்றது. ஹோண்டா மோட்டார் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை பொருளுதவி புரிய, காலேஜ் பௌல் நிறுவனம் ஆட்டத்தை அமைத்துக் கொடுத்தது. ஹோண்டா கேம்பஸ் ஆல்-ஸ்டார் சேலஞ்ச் என்பது இதன் பெயர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்துவிட்ட இப்போட்டியை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஒரு சிறு தொகை கல்வித் துறையில் எதைச் சாதிக்க வல்லது, எதைச் சாதிக்க இயலாது என்பதை ஆராய விரும்புவோர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

போட்டி வந்த வழி

கல்லூரிகளை நான்கு பேர் கொண்ட அணிகளாக எதிரெதிரே அமர்த்திக் கேள்வி கேட்கும் முறையை டான் ரீட் என்பவர் வகுத்தார். 1953-ம் ஆண்டில் இது அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பாயிற்று. பின்னர் 1959 முதல் 1970 வரை தொலைக்காட்சியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆதரவில் வாரந்தோறும் வந்தது. இதைப் பின்பற்றியே பிரிட்டனில் 1962-ம் ஆண்டில் யூனிவர்சிட்டி சேலஞ்ச் தோன்றியது. 1985-ல் தூர்தர்ஷனில் குவிஸ் டைம் நிகழ்ச்சியைக் கண்டு களித்த நம் வாசகர்களுக்கு இந்த ஆட்டமுறை புதிதன்று.

தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற பணம் மாணவர் கைக்குச் செல்லாமல் அவர்தம் கல்லூரியின் உதவித்தொகை நிதிக்கே சென்றது. இவ்வேற்பாடே பிற்காலக் கறுப்பினக் கல்லூரிப் போட்டிக்கும் அடிப்படையாயிற்று. மேலும், பெரிய பெயரைக் கண்டு சிறிய கல்லூரி அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் அந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது. ஜார்ஜியா மாநிலத்தின் ஆக்னஸ் ஸ்காட் என்ற சிறிய மகளிர் கல்லூரி 1966-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைத் தோற்கடித்தது.

எனினும், கறுப்பினக் கல்லூரிகள் அறிவுப் போட்டியில் இறங்கியது 1989-ல்தான் என்று எண்ணிவிடலாகாது. டெக்சஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரிலுள்ள வைலி கல்லூரியின் சொற்போர் அணி, கவிஞரும் ஆசிரியருமான மெல்வின் டால்சனின் பயிற்சியில், 1935-ம் ஆண்டில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியை வென்றது. ஆயினும் அவ்வெற்றி முறைப்படி பட்டமாக ஏற்கப்படவில்லை. சொற்போருக்கான தேசிய அமைப்பு அந்நாளில் கறுப்பினத்தாரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்பதே காரணம். திறமை இருந்தது, பயிற்சி இருந்தது, வெற்றியும் இருந்தது, அதைப் பதிவு செய்யத்தக்க களம் மட்டும் இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த போட்டியின் மதிப்பை இப்பின்னணியில் வைத்துப் பார்த்தல் தகும்.

ஆட்டமும் அதன் கணக்கும்

காலேஜ் பௌல் முறையின் இலக்கணம் எளியது. முதலில் இரு அணிகளுக்கும் பொதுவான ஒரு வினா கேட்கப்படும். அருகிலிருப்பவரைக் கலந்துகொள்ளாமல், முதலில் மணியை அழுத்தியவர் தாமே விடை கூற வேண்டும். சரியாயின் பத்து மதிப்பெண்கள். அத்துடன் அவ்வணிக்கு மட்டும் உரிய போனஸ் வினா ஒன்று கிடைக்கும். இதற்கு நால்வரும் கலந்து பேசலாம். கேள்வி முடியுமுன் குறுக்கிட்டுத் தவறாக விடையளித்தால் ஐந்து மதிப்பெண்கள் குறையும். எதிரணியோ முழுக் கேள்வியையும் கேட்டபின் விடையளிக்கலாம்.

பொருளாதாரம் பயிலும் மாணவர்க்கு இங்கு ஒரு நல்ல கணக்கு உண்டு. பாதிக் கேள்வியிலேயே மணியை அழுத்த எண்ணும் ஒருவர், தம் விடையில் எவ்வளவு உறுதி கொண்டிருக்க வேண்டும்? பத்து மதிப்பெண் வரவையும் ஐந்து மதிப்பெண் இழப்பையும் மட்டும் ஒப்பிட்டால், மூன்றில் ஒரு பங்கு உறுதியே போதும் என்று தோன்றும். ஆனால் எதிரணி முழுக் கேள்வியைக் கேட்டபின் பத்தில் எட்டு முறை சரியாக விடையளிக்கும் திறன் உடையது என்று கொள்வோம். அப்போது தவறான குறுக்கீட்டின் உண்மை விலை ஐந்தன்று. தாம் இழக்கும் ஐந்தும், எதிரணி சராசரியாகப் பெறும் எட்டும் சேர்ந்து பதின்மூன்று. குறுக்கிடாமல் காத்திருந்தால் இரு அணிகளுக்கும் வாய்ப்புச் சமம் என்று கொண்டு, போனஸ் வினாவையும் ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், நூற்றுக்கு ஐம்பத்தேழு பங்கேனும் உறுதி இருந்தாலன்றிக் குறுக்கிடுதல் இலாபகரமன்று. எதிரி வல்லவராக ஆக, அவசரத்தின் விலையும் ஏறுகிறது.

இத்தகைய தீர்ப்பைச் சில நொடிகளில், அரங்கம் பார்த்திருக்க, ஓர் இளைஞர் எடுக்கிறார். முழுமையற்ற தகவலைக் கொண்டு முடிவெடுக்கும் பயிற்சி இது. எனினும் இவ்வாட்டம் விரைந்து நினைவுகூரும் ஆற்றலையே பெரிதும் அளக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மெல்ல ஆய்ந்து ஆழமாகச் சிந்திப்பவர் இதில் பின்தங்கலாம். கட்டுரையாளர் தம் கல்லூரி நாட்களில், கை மணியை எட்டுமுன்பே விடையைப் பிறரிடம் பறிகொடுத்தவர்களுள் ஒருவர். ஆகவே இக்கருத்தில் சிறிது சார்பு இருக்கக்கூடும்.

கேள்வியாக வருவது எது?

ஆட்டமுறை பொதுவானதே, ஆனால் கேள்விகளின் பரப்பு பொதுவானதன்று. உலக வரலாறு, அறிவியல், இலக்கியம், சமயம், கலை, சமூகவியல், அன்றாட நடப்பு ஆகியவற்றோடு, கறுப்பின அமெரிக்கரின் வரலாறும் பண்பாடும் இப்போட்டியில் முறையான பாடப் பிரிவாக இடம்பெற்றன. கட்டுரையாளர் கருத்தில், இதுவே இப்போட்டியின் மிக முக்கியமான கூறு.

எது பொது அறிவு என்று தீர்மானிப்பவர் கேள்வியாளர். அவர் கேட்பதை மாணவர் படிப்பார், கேட்காததை விட்டுவிடுவார். தேர்வுக்கும் பாடத்திற்கும் உள்ள உறவை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிகளில் கறுப்பின மாணவர் பிறர் சாதனைகளைக் கற்றுத் தம்மவரை மறக்கப் பழகுகின்றனர் என்ற குற்றச்சாட்டை வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் 1933-ல் ஒரு நூலாகவே எழுதினார். 1926-ம் ஆண்டு பிப்ரவரியில் நீக்ரோ வரலாற்று வாரத்தைத் தொடங்கிவைத்தவரும் அவரே. அவர் வேண்டியதை ஒரு வாரக் கொண்டாட்டத்தால் மட்டும் அடைய முடியாது. ஆனால் பத்து மதிப்பெண் மதிப்புள்ள ஒரு கேள்வி, மாணவரை நூலகத்திற்கு அனுப்பிவிடும்.

சான்றாக, உயிரியலறிஞர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். முட்டைச் செல்லின் மேற்பரப்பைப் பற்றிய ஆய்வில் புகழ்பெற்ற இவர், முன்னணி வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் பதவி கிட்டாமல் ஹோவர்டில் ஆசிரியராக இருந்தார். 1915-ல் ஸ்பிங்கார்ன் பதக்கம் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் இவரே. 1937-ல் மேற்கு வர்ஜீனியா அரசுக் கல்லூரியில் பட்டம் பெற்ற காதரின் ஜான்சன், 1962-ல் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன் அதன் பாதைக் கணக்குகளைச் சரிபார்த்தார். இத்தகைய பெயர்கள் பொதுவான பாடநூல்களில் நெடுங்காலம் அடிக்குறிப்பாகவும் இடம்பெறவில்லை. போட்டிக்குத் தயார் செய்யும் அணி இவற்றைப் படிக்கிறது. தான் அமர்ந்திருக்கும் வகுப்பறையைப் போன்ற ஒன்றிலிருந்துதான் இவர்களும் எழுந்தனர் என்பது அப்போது மாணவருக்குத் தெரியவருகிறது.

அதே வேளையில், தன் வரலாற்றை மட்டும் கற்றவர் இப்போட்டியில் வெல்ல முடியாது. வேதியியலும் வேண்டும், புராதன கிரேக்கமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒரே மதிப்பெண் அளவையில் அருகருகே வைத்தது நல்லதோர் ஏற்பாடு எனலாம்.

யாருக்குப் பயன்?

பெரிய நிறுவனமே எப்போதும் வெல்வதில்லை. புளோரிடா வேளாண்-தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியும் பலமுறை பட்டம் வென்றவை. ஆயினும், அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் உள்ள ஓக்வுட் என்ற சிறிய சமயச் சார்புப் பல்கலைக்கழகமும் வெற்றியாளர் வரிசையில் இடம்பெற்றுள்ளது. கால்பந்தாட்டத்திற்கு மைதானமும் பெருஞ்செலவும் வேண்டும். இதற்கு நான்கு மாணவர், ஒரு பயிற்சியாளர், ஒரு மணிப்பெட்டி, ஒரு நூலகம் போதும். முதலீடு குறைவாகவும் உழைப்பு மிகுதியாகவும் உள்ள துறையில் எளியவர் போட்டியிட இயலும் என்பது தொழில் வளர்ச்சியில் நாம் கண்ட உண்மைதான்.

நால்வர் மட்டுமே பயன்பெறுகின்றனர் என்று சிலர் குறை கூறலாம். ஆனால் அந்நால்வரைத் தேர்ந்தெடுக்க முதலில் கல்லூரிக்குள்ளேயே போட்டிகள் நடைபெறுகின்றன; அதன்பின் தகுதிச் சுற்று; இறுதியாகத் தேசியப் போட்டி. இது பிற்காலத்தில் கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில், ஹோண்டா நிறுவன வளாகத்தில் நடைபெற்றது. 1990-களின் முற்பகுதியில் கறுப்பின மக்களுக்கான தொலைக்காட்சி அலைவரிசை இப்போட்டியை ஒளிபரப்பியதால், வளாகத்திற்கு வெளியேயும் அதைக் கண்டவர் உண்டு.

பரிசுப் பகிர்வும் கவனத்திற்குரியது. வென்ற கல்லூரிக்குப் பெருந்தொகை கிடைத்தாலும், தேசியப் போட்டிக்கு வந்த மற்றக் கல்லூரிகளும் தத்தம் நிலைக்கேற்ப நிதி பெற்றன. வென்றவருக்கே எல்லாம் என்ற விதி இருந்திருந்தால் நலிந்த கல்லூரிகள் சில ஆண்டுகளில் விலகியிருக்கும். தோற்றவரும் வெறுங்கையுடன் திரும்பாததால் களம் நிலைத்தது.

பொருளுதவி புரிந்த நிறுவனத்திற்கும் இதில் ஆதாயம் உண்டு. 1982-ல் ஓஹியோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் மோட்டார் வண்டி உற்பத்தியைத் தொடங்கிய ஓர் அயல்நாட்டு நிறுவனம், அமெரிக்கச் சந்தையில் நன்மதிப்பைத் தேடியது இயல்பே. அதனால் நன்கொடையின் பயன் குறைந்துவிடாது. ஆனால் அந்நன்கொடையின் அளவு என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

நன்கொடையும் பொது நிதியும்

போட்டி தொடங்கியது முதல் கல்லூரிகளுக்கு இந்நிறுவனம் அளித்துள்ள தொகை ஒரு கோடி டாலருக்கு மேற்பட்டது. தனித்துப் பார்த்தால் இது சிறிய தொகையன்று. இதனருகே மற்றொரு தொகையை வைத்துப் பார்ப்போம்.

1862-ம் ஆண்டின் மோரில் சட்டப்படி, நடுவண் அரசு அளித்த நிலத்தின் வருவாயைக் கொண்டு மாநிலங்களில் வேளாண்-தொழிற் கல்லூரிகள் எழுந்தன. 1890-ல் வந்த இரண்டாம் சட்டம், இக்கல்லூரிகளில் இன வேற்றுமையின்றி மாணவரைச் சேர்க்க வேண்டும், அல்லது கறுப்பினத்தார்க்குத் தனிக் கல்லூரி அமைத்து நிதியை நியாயமாகப் பகிர வேண்டும் என்று விதித்தது. தென் மாநிலங்கள் தனிக் கல்லூரிகளை அமைத்தன. நியாயமான பகிர்வைத்தான் மறந்தன. 2023-ம் ஆண்டு செப்டம்பரில், நடுவண் அரசின் கல்வி அமைச்சரும் வேளாண்மை அமைச்சரும் பதினாறு மாநில ஆளுநர்களுக்குக் கடிதங்கள் எழுதினர். ஒரே மாநிலத்தின் 1862-ம் ஆண்டு வகைக் கல்லூரி மாணவர் ஒருவருக்குச் செலவிட்டதையே கறுப்பினக் கல்லூரி மாணவருக்கும் செலவிட்டிருந்தால், 1987 முதல் 2020 வரை அக்கல்லூரிகளுக்கு 1,200 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பது அக்கடிதங்களின் சாரம். டென்னசி அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கே 210 கோடி டாலர். வினாடி வினாவில் பலமுறை வென்ற புளோரிடா வேளாண்-தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கு 190 கோடி டாலருக்கு மேல். கணக்கிட்ட முறையைச் சில மாநிலங்கள் மறுத்தன. அம்மறுப்பில் பாதி நியாயம் இருந்தாலும், எஞ்சும் தொகை பெரிதே.

இரு தொகைகளும் ஒரே கல்லூரிக் கூட்டத்தைப் பற்றியவை அல்ல. ஆயினும் அளவை உணர இவ்வொப்பீடு போதும். நன்கொடையாக வந்தது, வர வேண்டியிருந்து வராததில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே நிற்கிறது. மின்விளக்குகளின் கீழ் ஒரு பெரிய காசோலையை ஏந்தி நிற்கும் அணியின் படம் செய்தித்தாளில் வரும். வராத மானியத்திற்குப் படம் கிடையாது. வரவு செலவுத் திட்டத் தாள்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், விடுபட்ட தொகையைக் காண்பதே கடினம் என்பதைக் கட்டுரையாளர் அறிவார்.

மேரிலாந்து மாநிலத்தின் அனுபவம் இங்கு எண்ணத்தக்கது. பவுயி, காப்பின், மார்கன் ஆகிய அரசுப் பல்கலைக்கழகங்களும் மேரிலாந்து கிழக்குக் கரைப் பல்கலைக்கழகமும் அங்குள்ள நான்கு அரசுக் கறுப்பினக் கல்வி நிலையங்கள். இவற்றிற்கு இழைக்கப்பட்ட பாகுபாட்டை எதிர்த்து 2006-ல் வழக்குத் தொடரப்பட்டது. மாறி மாறி வந்த தீர்ப்புகளுக்கும் சமரசப் பேச்சுகளுக்கும் பின், 2021-ல் அது முடிவுற்றது. பத்தாண்டுகளில் 57 கோடியே 70 இலட்சம் டாலர் வழங்க மாநிலம் இசைந்தது. வழக்குத் தொடரப்பட்ட ஆண்டில் கல்லூரியில் சேர்ந்த மாணவர்கள் அதற்குள் பட்டம் பெற்று வெளியேறிப் பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது.