தொப்புள்கொடி உறவு

சிவப்புப் போர்வை, கையில் ஈட்டி, கழுத்து நிறைய மணிமாலை. தென்கென்யாவிலும் வடதான்சானியாவிலும் வாழும் மாசாய் மக்களை நாம் படங்களில் இப்படித்தான் பார்த்திருக்கிறோம். படத்தில் பார்ப்பது வேறு. அத்தகைய வீட்டில் போய்க் குடியிருப்பது வேறு. அப்படிக் குடிபுகுந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இவ்விதழில் காண்போம்.

கொரின் ஹோஃப்மன் சுவிட்சர்லாந்து நாட்டவர். பீல் நகரில் சொந்தத் துணிக்கடை நடத்தி வசதியாக வாழ்ந்தவர். 1986இல் கென்யாவுக்குச் சுற்றுலா சென்ற இடத்தில் ஓர் இளைஞரிடம் மனத்தைப் பறிகொடுத்தார். கடையை விற்றுவிட்டு மீண்டும் கென்யா சென்றவர், வடக்கே பார்சலோய் என்னும் சிற்றூரில், அந்த இளைஞருடைய தாயாரின் குடிசையில் வாழத் தொடங்கினார்.

பின்னாளில் அவர் ஜெர்மன் மொழியில் எழுதி 1998இல் வெளிவந்த நூலின் பெயர் 'வெள்ளை மாசாய்'. 2005இல் அது திரைப்படமும் ஆயிற்று. ஆனால் அந்த இளைஞர் மாசாய் அல்லர், சம்புரு இனத்தவர். இரு இனத்தாரும் பேசுவது 'மா' மொழிதான். எனினும் தனித்தனி மக்கள். தெற்கிலிருந்து வந்தவரையெல்லாம் 'மதராசி' என்று அழைக்கக் கேட்டுப் பழகிய நமக்கு இந்த வேறுபாட்டின் அருமை புரியும்.

இவ்விரு இனத்தாரிடமும் வீடு கட்டுவது பெண்களின் வேலை. குச்சிகளை நட்டு வளைத்து, சாணமும் மண்ணும் பூசுவார்கள். உள்ளேயே அடுப்பு, புகை சூழ்ந்திருக்கும். குடியிருப்பைச் சுற்றி முள்வேலி. இரவில் கால்நடைகள் அதற்குள் அடையும். பாலும் சோளமாவும் முக்கிய உணவு. தேநீருக்கு அங்கும் 'சாய்' என்றே பெயர்.

கொரின் ஊரில் ஒரு மளிகைக்கடை திறந்தார். கடைக்கு சுவாஹிலி மொழியில் 'டூக்கா' என்பார்கள். நாம் தினமும் கேட்கும் 'துக்கான்' என்ற சொல்லின் உறவுதான் அது! ஆனால் சொல் ஒன்றாக இருந்தாலும் கடைக்குள் இருவேறு கணக்குகள் மோதும். கடைக்காரர் லாபம் பார்க்கவேண்டும். உறவினர் வந்து கேட்டால் இல்லை என்று சொல்வதோ அங்கே வழக்கமில்லை.

இதன் காரணம் அறியத்தக்கது. மாசாய்களிடம் 'ஒசோட்டுவா' என்றோர் உறவுமுறை உண்டு. அச்சொல்லின் பொருள் தொப்புள்கொடி. இவ்வுறவு பூண்டவரிடம் தேவை வந்தால் ஆடோ மாடோ கேட்கலாம், இயன்றவர் கொடுப்பார். அது கடன் அன்று. திருப்பித் தரும் கணக்கும் கிடையாது. வறட்சியில் மந்தையை இழந்தவருக்கு இதுவே காப்பீடு. நாமும் 'தொப்புள்கொடி உறவு' என்று சொல்கிறோம். அவர்களோ அந்தச் சொல்லின்மேல் தங்கள் பிழைப்பையே நிறுத்தியிருக்கிறார்கள்.

மலேரியா காய்ச்சல் கொரினை உயிருக்குப் போராடும் நிலைக்குக் கொண்டுசென்றது. இல்லறத்திலும் பிணக்கு முற்றியது. 1990இல் கைக்குழந்தையுடன் சுவிட்சர்லாந்துக்கே திரும்பினார்.

அவர் தோற்றுவிட்டாரா? அப்படிச் சொல்வது எளிது. மின்விளக்கையும் குழாய்நீரையும் துறந்து சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததே சிறிய செயல் அன்று. ஆனால் அவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாடு இருந்தது. குடிசையில் இடம் கொடுத்த மாமியாருக்கு அதுதான் ஊர், அதுதான் உலகம். எளிய வாழ்க்கையை விரும்பித் தேர்ந்தெடுப்பவரும், அதிலேயே பிறந்தவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம்; இருவர் நிலையும் ஒன்றாகிவிடாது. பிறர் வாழ்க்கையைப் புகழும்போதும் இரங்கும்போதும் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுடன் பேசிப் பார்க்க:

1. கடனுக்கும் 'ஒசோட்டுவா'வுக்கும் என்ன வேறுபாடு?
2. ஊரில் உள்ள நம் உறவினரில் யாரிடம் கணக்குப் பாராமல் கேட்கமுடியும்? நம்மிடம் அப்படிக் கேட்கக்கூடியவர் யார்?
3. நாம் குடிவந்த இந்த ஊர் மக்களின் வழக்கங்களில் நாம் இன்னும் அறியாதவை எவை?