கரப்பானுக்குப் பூனைத் தீனி போடாதீர்கள்

"டூபியாவுக்குப் பூனை பிஸ்கட்டைப் பொடி பண்ணிப் போடுங்க சார், ஒரே மாசத்துல டப்பா நிறைஞ்சிடும்." பியர்டட் டிராகன், லெப்பர்ட் கெக்கோ மாதிரிப் பல்லிகளை வளர்த்து, அவற்றுக்கு டூபியா என்ற கரப்பானைத் தீனியாகப் போடுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த வாக்கியம் வராமல் இருப்பதில்லை. விற்கிறவர் வாங்குகிறவரிடம் சொல்கிறார். வாங்கியவர் அடுத்தவருக்குச் சொல்கிறார். புரதம் போட்டால் கரப்பான் பெருகும், புரதம் தின்ற கரப்பானைத் தின்று பல்லியும் வலுக்கும் என்பது கணக்கு. கணக்கின் இரண்டு பகுதியுமே தவறு. பூச்சியியல் படித்து, பூச்சி வளர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை இனியும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க எனக்குப் பொறுமை இல்லை.

பிளாப்டிகா டூபியா தென் அமெரிக்கக் கரப்பான். வளர்ந்த பூச்சி நாலு, நாலரை சென்டிமீட்டர் இருக்கும். ஆணுக்கு முழு இறக்கை உண்டு. பெண்ணுக்கு வெறும் துண்டு இறக்கைதான். நம் வீட்டுக் கரப்பானைப் போல முட்டைப் பையைச் சுவர் இடுக்கில் விட்டுவிட்டுப் போகாது. பையை வயிற்றுக்குள்ளேயே காத்து, குஞ்சுகளாக வெளியே விடும். ஓர் ஈட்டுக்கு 20 முதல் 40 குஞ்சுகள். குஞ்சு முதிர நாலைந்து மாதம் ஆகும். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாது, கத்தாது. வளர்ப்பவர்கள் விரும்புவது இதனால்தான்.

இப்போது பெருக்கத்துக்கு வருவோம். ஒரு பெண் எத்தனை நாளுக்கு ஒருமுறை குஞ்சு போடும் என்பதை முதலில் தீர்மானிப்பது வெப்பம். 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நன்றாகப் பெருகும். 20-க்குக் கீழே போனால் இனப்பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். புரதம் கூடினால் குஞ்சுகள் கொஞ்சம் சீக்கிரம் வளரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பது குஞ்சு போடுகிற வயிறு பூனைத் தீனியால் நூறு போடாது. முதிர்ந்த பூச்சி நிறைய இருக்கிற டப்பாவை இளஞ்சூடாக வைத்தால் எதைப் போட்டாலும் முதல் சில மாதங்கள் பெருகத்தான் செய்யும். அந்தப் பெருமையைப் பூனைத் தீனி தட்டிக்கொண்டு போகிறது. பிறகு வளர்ந்த பூச்சிகள் கொத்துக் கொத்தாகச் சாகும்போது அதை யாரும் தீனியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "நோய் வந்துடுச்சு" என்கிறார்கள்.

கரப்பானின் உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்த வதந்தி நிற்க இடமே இருக்காது. புரதத்தை உடைத்தால் நைட்ரஜன் மிஞ்சும். பெரும்பாலான பூச்சிகள் அதை யூரிக் அமிலமாக்கி வெளியே தள்ளிவிடும். பெரும்பாலான கரப்பான்கள் அப்படிச் செய்வதில்லை. யூரேட் உப்பாக்கித் தன் கொழுப்புத் திசுவுக்குள்ளேயே அடைத்து வைக்கும். பஞ்ச காலத்துக்கென்று வீட்டில் நிரப்பி வைத்த குதிர் மாதிரி. அதே திசுவில் பிளாட்டாபாக்டீரியம் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. தாயிடமிருந்து முட்டை வழியாகவே பிள்ளைக்குப் போகிற துணை அது. யூரிக் அமிலம் உடைந்து யூரியாவாகவும் அமோனியாவாகவும் வரும்போது, அந்த நைட்ரஜனைக் கொண்டு அமினோ அமிலங்களை மறுபடி கட்டிக் கொடுப்பது இதன் வேலை. அதற்கான மரபணுக்கள் இதனிடம் இருப்பதை 2009-ல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது தெளிவாகக் கண்டார்கள்.

இந்த ஏற்பாடு எதற்காக? உதிர்ந்த இலை, அழுகிய பழம், மட்கிய கட்டை என்று நைட்ரஜன் குறைந்த தீனியில் காலம் தள்ளுவதற்காக. பற்றாக்குறைக்கென்று கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழகி வந்த உடலில், நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு புரதம் உள்ள பூனைத் தீனியைத் தினமும் கொட்டினால் என்ன ஆகும்? குதிர் நிரம்பும். நிரம்பியதை அவ்வளவு வேகமாகக் காலி செய்ய வழியில்லை. பூச்சி உடலுக்குள் யூரேட்டைச் சுமந்தபடியே வாழ்ந்து, காலத்துக்கு முன்பே சாகும். மினசோட்டாவின் பூச்சியியல் அறிஞர் மிக்கோலா ஹைடாக், புரதத்தின் அளவை ஏற்றி இறக்கிய உணவுகளில் மூன்று வகை வீட்டுக் கரப்பான்களை வளர்த்து, அளவு மீறிய புரதம் ஆயுளைக் குறைப்பதை 1953-லேயே எழுதிவிட்டார். எழுபது ஆண்டு கழித்தும் கடை வாசலில் நின்று பூனை பிஸ்கட் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"கரப்பான் செத்தா போகுது, பல்லிக்குப் புரதம் கிடைக்குதே?" அதுவும் கிடைக்காது. தீனிப் பூச்சியில் இத்தனை சதவீதம் புரதம் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை. மாதிரியில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். யூரிக் அமிலத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு நைட்ரஜன். அதாவது ஒரு கிராம் யூரிக் அமிலம் அந்தக் கணக்கில் இரண்டு கிராம் புரதமாகப் பதிவாகும்! பூனைத் தீனி தின்ற கரப்பானில் "புரதம் கூடியிருக்கிறது" என்று யாராவது தாளை நீட்டினால், அதில் எவ்வளவு தசை, எவ்வளவு கழிவு என்று கேளுங்கள்.

பல்லியும் தன் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றுகிறது. அதன் எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, அது யூரேட். சிறுநீரகம் கெட்டாலோ, உடலில் தண்ணீர் வற்றினாலோ அந்த உப்பு மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் படிந்து கவுட் என்ற நோய் வரும். டூபியா தின்றாலே கவுட் வந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது எதிர்த் திசையிலிருந்து வருகிற வதந்தி, அதையும் நம்ப வேண்டாம். ஆனால் எந்தக் கழிவை வெளியேற்ற அந்தச் சிறுநீரகம் பாடுபடுகிறதோ, அதையே தீனியோடு சேர்த்து ஊட்டுவதில் ஒரு நன்மையும் இல்லை.

அப்படியானால் என்ன போடுவது? கோதுமைத் தவிடும் ஓட்ஸும் அடிப்படை. அதோடு கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு. மொத்தத்தில் புரதம் நூற்றுக்கு இருபதைத் தாண்ட வேண்டியதில்லை. ஈரத்துக்குக் கேரட், பூசணி, கீரை, எல்லாம் நன்றாகக் கழுவி. தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள், சின்னக் குஞ்சுகள் விழுந்து சாகும். மிஞ்சிய காயை மறுநாளே எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் ஆகிற செலவு ஒரு பாக்கெட் பூனைத் தீனியில் பாதிகூட இருக்காது.

மற்ற வதந்திகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கரப்பான் டப்பா என்றால் நாறத்தான் செய்யும் என்கிறார்கள். நாறாது. நாறினால் ஈரம் கூடிவிட்டது, காற்றில்லை, அடியில் செத்துக் கிடக்கிறது என்று பொருள். மூடியில் பெரிதாக வெட்டி வலை ஒட்டுங்கள், கரப்பான்கள் ஒண்டிக்கொள்ள வைக்கிற முட்டை அட்டைகளைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். எச்சம் கீழே உதிர்ந்துவிடும். அதற்காக வாராவாரம் டப்பாவைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். குஞ்சுகள் குடலுக்குத் தேவையான நுண்ணுயிர்களைப் பெறுவது பெரிய பூச்சிகளின் எச்சத்திலிருந்துதான். எச்சத்தை அள்ளும்போது ஒரு பிடியை விட்டு வையுங்கள். முகக்கவசம் கட்டிக்கொண்டு அள்ளுங்கள், கரப்பான் தூசு ஆஸ்துமாவைக் கிளப்பும்.

ஆரஞ்சுச் சுளை போட்டால் இனப்பெருக்கம் பொங்குமாம். ஆரஞ்சில் இருப்பது தண்ணீரும் சர்க்கரையும். அவ்வளவுதான். குளிர் நாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டுச் சென்னையில் ஹீட் மேட் வாங்குகிறவர்களும் உண்டு. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தேவைப்படும். சென்னையில் கவலைப்பட வேண்டியது மே மாதத்துத் தகரக் கொட்டகையைப் பற்றித்தான். நாற்பது டிகிரியைத் தாண்டி நீடித்தால் டப்பா முழுவதும் செத்துப்போகலாம்.

டூபியாவே சத்து, கால்சியம் பொடி தேவையில்லை என்பது ஆபத்தான பேச்சு. பூச்சிக்கு எலும்பில்லை, அதன் உடலில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ்தான் அதிகம். பொடி தூவாமல், புற ஊதா விளக்கும் இல்லாமல் வளர்த்த பல்லிக்குத் தாடை ரப்பராகிக் கால் வளையும். குட்டி இக்வானாவுக்குப் புரதம் வேண்டும் என்று கரப்பான் கொடுப்பது அதைவிட மோசம். பச்சை இக்வானா குட்டியிலிருந்தே இலை தின்னி. அதற்குப் பூச்சி எதற்கு?

வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போட்டால் காசு மிச்சமென்று நினைக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அது உங்கள் பக்கத்து வீட்டில் எந்த விஷ ஜெல்லைத் தின்றுவிட்டு வந்ததென்று தெரியுமா? அந்த ஜெல்கள், விஷம் தின்ற கரப்பானின் எச்சத்தைத் தின்கிற அடுத்த கரப்பானையும் கொல்லும்படி செய்யப்பட்டவை. அதோடு, பல்லிகளின் நுரையீரலில் வாழும் ரெய்லியெட்டியெல்லா என்ற ஒட்டுண்ணி பல்லியின் உடலுக்குள் போவதே கரப்பான் வழியாகத்தான். சாக்கடைக் கரப்பானில் நீங்கள் மிச்சம் பிடிக்கிற காசு கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேரும்.

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்குத் தூக்கம் வரவிடாத வதந்தி. "டப்பாவிலிருந்து ஓடினாலும் பரவாயில்லை, வெளியே பிழைக்காது." இந்த உறுதிமொழி எங்கிருந்து வந்தது? வீட்டுக்குள்ளேயே குளிர் தட்டுகிற ஜெர்மனியிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும். அங்கே அது உண்மை. நம் ஊரில் 27 முதல் 35 டிகிரி என்பது சாதாரண நாள். இந்தக் கரப்பான் கேட்கிற வெப்பம் இங்கே வாசலிலேயே கிடைக்கிறது. அமெரிக்காவிலேயே வெப்பம் கூடிய ஃப்ளோரிடாவில் டூபியாவுக்கு அனுமதியில்லை. அங்கே வளர்ப்பவர்கள் டிஸ்காய்டு என்ற வேறு கரப்பானைத் தீனியாக வைத்துக்கொள்கிறார்கள்.

வந்தேறிப் பூச்சி என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டு விவசாயிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று ஏறியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற கடுகளவு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தோட்டங்கள் மூச்சுவிட்டன. டூபியா பயிரைத் தின்னுமென்று நான் சொல்லவில்லை. ஒரு பூச்சி புது ஊரில் என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லும் துணிச்சல் பூச்சியியல் படித்த எவருக்கும் கிடையாது என்றுதான் சொல்கிறேன். கடைக்காரருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது அந்தத் துணிச்சல்?

ஆகவே டப்பாவை வெறும் வளர்ப்புச் சாமானாக நினைக்காதீர்கள். மூடி இறுக இருக்கட்டும். உங்கள் பல்லி தின்கிற அளவுக்குமேல் காலனியைப் பெருக்காதீர்கள். ஓர் ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெண் போதும், கூடுதல் ஆண்களை முதலில் தீனியாக்குங்கள். அள்ளிய எச்சத்திலும் உரித்த தோலிலும் எளிதில் கண்ணில் படாத சின்னக் குஞ்சுகள் இருக்கும். அதை அப்படியே மாடித் தோட்டத்து உரக்குழியிலோ தெருத் தொட்டியிலோ கொட்டாதீர்கள். பையில் கட்டி இரண்டு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு கொட்டுங்கள். வளர்ப்பு அலுத்துப்போனால் பூச்சிகளையும் அதே மாதிரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் உயிரோடு வெளியே விடாதீர்கள்.