புள்ளிக்கு நேரே புள்ளி

“எந்தக் கணக்கா இருந்தாலும் வலது ஓரத்தைச் சேர்த்து எழுதிக் கூட்டு, புள்ளியைக் கடைசியில வச்சுக்கலாம்.” எங்கள் ஆலங்குளத்தில் தம்பி தங்கைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் அண்ணன்களும் அக்காக்களும் தரும் இந்த யோசனையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. இது தவறு. முழுத் தவறு.

12.5 கிலோவோடு 0.75 கிலோவைக் கூட்டச் சொல்லுங்கள். வலது ஓரம் சேர்த்தால் 125-க்குக் கீழே 75, விடை 200. இனி புள்ளி எங்கே? ஒரு பிள்ளை 20.0 என்கிறது, இன்னொன்று 2.00 என்கிறது. பன்னிரண்டரை கிலோவோடு சரக்கைச் சேர்த்த பிறகு எப்படி இரண்டு கிலோ ஆகும் என்று கேட்டால் விழிக்கிறது. சரியான விடை 13.25. 12.5-இல் இருக்கும் 5 என்பது 500 கிராம், 0.75-இல் இருக்கும் 5 வெறும் 50 கிராம். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்த யார் அனுமதித்தது?

முழு எண்களில் வலது ஓரம் சரிப்பட்டு வருவதற்குக் காரணம், அங்கே கண்ணுக்குத் தெரியாத புள்ளி அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. புள்ளியைக் கடைசியில் வைக்கும் பழக்கமோ பெருக்கலுக்கு உரியது. அதைக் கூட்டலுக்கு இழுத்து வந்ததுதான் இவ்வளவு வினையும்.

கழித்தலில் நஷ்டம் கைமேல் தெரியும். இரண்டு பவுன் நகை 16 கிராம். அதில் கல் எடை 0.45 கிராம். மேலே எண் இல்லையென்று 45-ஐ அப்படியே கீழே இறக்கி, 16-இல் ஒன்றைக் குறைத்து 15.45 என்று எழுதுகிறார்கள். 16-ஐ 16.00 என்று எழுதிக் கழியுங்கள், 15.55 வரும். நடுவில் காணாமல் போனது 100 மில்லிகிராம் தங்கம். பின்னால் பூஜ்யம் போட்டால் மதிப்பு கூடிவிடும் என்று பயப்படுகிறவர்கள் நகைக்கடைத் தராசைப் பார்க்கட்டும்: 8.000 என்று காட்டினாலும் அது 8 கிராம்தான்.

இலக்கம் அதிகமிருந்தால் எண் பெரிது என்பார்கள். இல்லை. 7.456-ஐவிட 7.6 பெரிது.

புள்ளி வைத்ததெல்லாம் தசமமும் அல்ல. கிரிக்கெட்டில் 3.4 ஓவரும் 2.5 ஓவரும் சேர்ந்தால் 6.3 ஓவர், ஓவருக்கு ஆறு பந்து என்பதால். தீப்பெட்டிக் கணக்கில் குரோஸ் 144. ஒரு குரோஸ் 5 டஜனை 1.5 என்று எழுதினால் 204 பெட்டி 216 ஆகிவிடும்.

‘இதெல்லாம் பரீட்சைக்குத்தான்’ என்பது சோம்பேறிப் பேச்சு. 1957 ஏப்ரல் 1-இல் 16 அணா ரூபாய் 100 நயா பைசாவாக மாறியதிலிருந்து நம் கடைக்கணக்கே தசமம்தான். பட்டாசு மருந்து எடை போடுமிடத்தில் 0.5-க்கும் 0.05-க்கும் பத்து மடங்கு வித்தியாசம். அங்கே புள்ளி இடம் மாறினால் போவது மதிப்பெண் அல்ல.

நான் திருத்திய விடைத்தாள்களில் பாதித் தவறு கோணலாக எழுதியதால் வந்தது. கட்டம் போட்ட நோட்டைச் சின்ன வகுப்போடு ஏன் நிறுத்த வேண்டும்? ஒரு கட்டத்தில் ஓர் இலக்கம், புள்ளிக்குத் தனிக் கட்டம் என்று எழுதினால் வரிசை தானாக நிற்கும். நோட்டும் டைரியும் நாட்டுக்கே அச்சடித்து அனுப்பும் சிவகாசி பக்கத்தில் இருக்கிறது. அச்சகத்தாரே, ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போட்டுக் கொடுங்கள். பெற்றோரே, கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.