தாலி கட்டும் நேரம் படத்தில் தெளிவாகத் தெரிய

கெட்டிமேளம் கொட்டியதும் கூட்டம் மேடைக்கு ஓடுகிறது. தாலி ஏறும் சில நொடிகள் ஆல்பத்தில் வெறும் முதுகுகளாகப் பதிந்துவிடுகின்றன. நாற்காலி போடும்போதே யோசித்தால் இதைத் தவிர்க்கலாம்.

1. முன்வரிசையை மேடையிலிருந்து 8 முதல் 10 அடி தள்ளிப் போடுங்கள். போட்டோகிராபரும் வீடியோக்காரரும் யாரையும் மறைக்காமல் நகர அந்த இடம் வேண்டும்.

2. நடுவில் 5 அடி அகலத்துக்கு வழி விடுங்கள். அதன் கோடியில் ஒரு கேமராவை உயரமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

3. வழியோரத்து முன் நாற்காலிகள் தாத்தா பாட்டிகளுக்கு. எல்லாரும் எழுந்து நிற்கும்போது முட்டிவலிக்காரர்களால் எழ முடியாது. பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதை அவர்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

4. மேடையில் பெரியவர்களுக்கான நாற்காலிகள் இரண்டு பக்கமும் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். தேங்காய்ப் பை, தண்ணீர் பாட்டில், காலி அட்டைப்பெட்டி எதுவும் மணவறை அருகே வேண்டாம். ஹோமப் புகை மணமக்கள் முகத்தில் அடிக்காதபடி மின்விசிறியைத் திருப்பி வையுங்கள்.

5. முக்கியமானது இதுதான். தாலி கட்டும்போது மணமக்களுக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. முடிச்சுப் போடும் நாத்தனார் பெண்ணுக்குப் பின்னால், பெற்றோர் இரு பக்கமும், மற்ற உறவினர் அவர்களுக்கும் பின்னால் அரைவட்டமாக நிற்கட்டும். இதை முதல்நாள் மாலையே சொல்லிவிடுங்கள். தாய்மாமன் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். புரோகிதரிடமும் எந்தப் பக்கம் உட்காருவார் என்று கேட்டுவையுங்கள்.

6. தலையில் அட்சதை போடத்தான் பலர் மேடை ஏறுகிறார்கள். முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் முன்பே, வரிசை வரிசையாக அட்சதைத் தட்டை எடுத்துப் போக இரண்டு பிள்ளைகளை நியமியுங்கள். இருந்த இடத்திலிருந்தே தூவச் சொன்னால் அரிசி பறப்பதும் படத்தில் அழகாக விழும்.

7. மணமக்களைக் கிழக்குப் பார்த்து உட்காரவைப்பது வழக்கம். எதிரே ஜன்னல் இருந்தால் திறந்து வையுங்கள், காலை வெளிச்சம் முகத்தில் படும். பின்னால் இருந்தால் திரை போடுங்கள். எல்இடி திரையின் வெளிச்சத்தையும் குறைக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் முகம் கறுத்துவிடும்.

8. விடிகாலை முகூர்த்தத்துக்குக் கூட்டம் குறைவாகவே வரும். முதலில் ஆறேழு வரிசை மட்டும் போட்டு, மிச்ச நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். ஆள் சேரச் சேரப் பின்னால் போட்டுக்கொள்ளலாம்.